தாலி கட்டும் இடத்தில் நின்ற கணினி

திரையில் அனிஸ்ராவின் கண்கள் பாதி மூடியிருந்தன. மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் அவளுடைய கழுத்துக்குப் பின்னால் போயிருந்தன. முடிச்சு இன்னும் விழவில்லை.

மவுசை ஆட்டினேன். அம்பு அசையவில்லை. விசைப்பலகையில் எண்களுக்கான பச்சை விளக்கை அணைக்கப் பார்த்தேன். அதுவும் கேட்கவில்லை. பெட்டிக்குள் காற்றாடி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுழன்றுகொண்டிருந்தது.

முந்திய நாளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நின்றது. அதற்கு முந்திய நாள் மோதிரம் மாற்றும் இடத்தில்.

கதவடியில் என் மனைவி ஸ்ரெலா வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்கும் தாலி கட்டேல்லையோ? பாவம் அந்தப் பெடியன். கை உளையப்போகுது."

றோட்டுக்கு அந்தப் பக்கம் சேவியரின் கடை. அங்கே அதே நேரத்தில் வேறு யாருடையதோ கலியாணம் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் யன்னலால் வந்தது. நல்ல பாட்டுத்தான். எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன். பள்ளிமுனை றோட்டில் அந்த வெக்கையில் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரே வானில் வந்த இரண்டு பெட்டிகள்

கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மன்னாரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். செய்தி எழுதி அந்த நாட்களில் ஒருவரும் குடும்பம் நடத்தவில்லை. எங்கள் வீட்டில் உலை வைத்தது கலியாண வீடியோ. வீட்டு முன்னறைதான் கடை.

சேவியரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே கமராவை மாறி மாறித் தோளில் வைத்துத் தொழில் பழகியவர்கள். கசெற் போய் சீடி வரத் தொடங்கியபோது இரண்டு பேரும் ஒன்றாகவே கொழும்புக்குப் போனோம். ஒரே கடையில் ஒரே மாதிரியான இரண்டு கணினிகளை எடுத்து, ஒரே வான் வண்டியில் கொண்டுவந்தோம். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இரண்டு பெட்டிகளையும் இறக்கித் திறந்து, உள்ளே ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மறுபடி ஏற்ற விட்டார்கள். மின்சாரம் போனால் சில நிமிடம் தாங்கும் கருவி ஒன்றையும் வாங்கியிருந்தோம். அதன் பற்றரியை மட்டும் ஒரு சாவடியில் எடுத்துக்கொண்டு வெறுங்கூட்டைத் திருப்பித் தந்தார்கள். பற்றரி என்பது போர் நடந்த அந்தக் காலத்தில் குண்டை நினைவூட்டும் சொல்.

வாங்கிய அன்று கடைக்காரர் இரண்டு கணினிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எது வேணுமோ எடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். சேவியர் இடது பக்கம் நின்றான். அதனால் இடது பக்கத்துப் பெட்டியை எடுத்தான். நான் ஏன் இடது பக்கம் நிற்கவில்லை என்று பிற்காலத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சிங்களப் பையன் தேத்தண்ணீர்த் தட்டுடன் வழி கேட்டான், நான் விலகினேன். காரணம் அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரர்தான் வேகம் கூட்டும் வித்தையையும் காட்டித் தந்தார். எங்கள் கணினிகளின் புரொசெசருக்கு, அதாவது கணக்கெல்லாம் போடும் சில்லுக்கு, தயாரித்தவர்கள் விதித்த வேகம் முந்நூறு மெகாஹேர்ட்ஸ். மதர்போர்டில் அரிசி மணியளவு பிளாஸ்ரிக் மூடி ஒன்று இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும். ஜம்பர் என்பார்கள். அதைக் கழற்றிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினால் முந்நூறு நானூற்றைம்பதாகிவிடும். எல்லாச் சில்லும் அதைத் தாங்காது, சிலது நடுவில் நின்றுவிடும் என்றும் அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னதாக எனக்கு நினைவு. பொறாமைக்காரனின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

எங்களுக்கு அந்த வேகம் பவிசுக்கு அல்ல. மன்னார்த் தீவில் அப்போது மின்சாரம் மத்தியானத்துக்குப் பிறகு வரும். இராச் சாப்பாட்டு நேரத்தோடு போய்விடும். ஒரு மணித்தியாலக் கலியாணத்தைச் சீடிக்கு ஏற்றபடி சுருக்குவதற்கு முந்நூறில் ஓடும் கணினிக்கு அந்த இடைவெளி போதாது. பாதியில் மின்சாரம் போனால் செய்த வேலையும் போகும். மறுநாள் கோவில் வாசலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நானூற்றைம்பதில் ஓடினால் மின்சாரம் போவதற்குள் முடிந்துவிடும்.

சேவியரின் கணினி நானூற்றைம்பதில் ஓடியது. என்னுடையது நானூற்றைம்பதில் தொடங்கும், பிறகு நிற்கும். ஊரில் இது மெல்லப் பரவியது. சேவியரிடம் கொடுத்தால் சொன்ன நாளில் சீடி கிடைக்கும் என்று கோவில் முற்றத்தில் பேசிக்கொண்டார்கள். தாராபுரத்திலிருந்தும் தோட்டவெளியிலிருந்தும் வந்தவர்கள் என் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு, றோட்டைக் கடந்து அவனிடம் போனார்கள். என் வாசலில்தான் நிழல் இருந்தது.

வெட்டு விழாத கலியாணம்

அனிஸ்ராவின் கலியாணத்தைப் பள்ளிமுனைக் கத்தோலிக்கக் கோவிலில் படம் பிடித்தவன் நான். அவளுடைய தாய் என் பெரியம்மாவுடன் செபமாலைக் கூட்டத்தில் இருப்பவர். அந்த உறவில் எனக்குக் கிடைத்த வேலை.

மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, தாலி கட்டி, சில கிழமைகள் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். பெண்ணைக் கூப்பிட விசாவுக்கு எழுதியாயிற்று. நேர்முகத்துக்கு நாள் வந்ததும் கொழும்பில் இருந்த சட்டத்தரணி இரண்டு விஷயம் சொல்லியனுப்பினார். ஒன்று, கசெற் வேண்டாம், சீடியாகக் கொண்டுவர வேண்டும். மற்றது, கோவில் சடங்கு முழுவதும் வெட்டு விழாமல் ஓட வேண்டும். விசாவுக்காகப் பொய்க் கலியாணம் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். ஓர் இடத்தில் படம் துள்ளினாலும் அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாராம்.

நான் துண்டு துண்டாகச் சுருக்கி ஒட்டியும் பார்த்திருந்தேன். ஒட்டின இடத்துக்குப் பிறகு சடங்கை நடத்திய சுவாமியின் வாய் ஒன்று சொன்னது. சத்தம் அதற்குப் பின்னால் வந்தது. அதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

அனிஸ்ரா ஒரு பின்னேரம் நேரில் வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"அண்ணை, கொழும்பு போக ஆமிப் பாஸ் கிடைச்சிட்டுது. வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிடுறம். அதுக்குள்ள தருவீங்களோ?"

தருவேன் என்றேன்.

"இந்தத் தவணை தப்பினா அடுத்தது எப்ப எண்டு தெரியாதாம். பாதை பூட்டினாலும் பூட்டிப்போடுவாங்கள்."

எனக்கும் தெரியும். பாதை எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்பதுதான் நான் பத்திரிகைக்கு அதிகம் எழுதிய செய்தி. போகும்போது வாசலில் ஒரு கணம் நின்று எதிர்க்கடையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதுமாக இருந்தது.

கிறீஸ் மணம்

சேவியரிடம் கேட்பதைத் தவிர வழி இல்லை. கேட்டேன். அவன் சிரித்தான். அவனுக்கு நல்ல வரிசையான பற்கள்.

"சூடு மச்சான். சூடுதான். வேகம் கூடினா சூடு கூடும். தாங்கேலாமல் நிண்டிடும்."

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி எறிந்தேன். வீட்டில் இருந்த ஒரே மேசைக் காற்றாடியை ஸ்ரெலாவின் பக்கத்திலிருந்து எடுத்துக் கணினியின் பக்கம் திருப்பினேன். அப்படியும் படம் நின்றது. சில்லுக்கும் அதன் மேல் இருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே ஒரு பசை பூச வேண்டும், அது காய்ந்திருக்கும் என்றான் சேவியர். அந்தப் பசை மன்னாரில் எந்தக் கடையிலும் இல்லை. பக்கத்து வீட்டில் படகு வைத்திருந்தவரிடம் வெளியிணைப்பு இயந்திரத்துக்குப் பூசும் கிறீஸ் இருந்தது. பள்ளிமுனையில் துருப்பிடிக்கிற, இறுகுகிற, சத்தம் போடுகிற எல்லாவற்றுக்கும் கிறீஸ்தான் மருந்து. வாங்கிப் பூசினேன்.

கணினி சூடேறியதும் அறை முழுக்கக் கடற்கரை மணத்தது. கிறீஸ் உருகி மதர்போர்டில் ஒழுகத் தொடங்கியது.

"மீனும் கொண்டுவந்து வைச்சீங்கள் எண்டா இந்த அறையை மீன்வாடியெண்டு சொல்லலாம்" என்றாள் ஸ்ரெலா.

துடைத்தெடுக்க ஒரு பகல் போயிற்று. அடுத்த முறை சேவியர் சொன்னது ராம் எனப்படும் நினைவகத் தகடுகளை. உப்புக் காற்றில் அவற்றின் பொன்னிறப் பற்களில் பாசி படியும். கழற்றிப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய் என்றான். உண்மையாகவே பச்சை படிந்திருந்தது. தேய்த்தேன். பளபளத்தது. நின்றது.

அதற்கடுத்தது சில்லுக்குப் போகும் மின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவது. அதற்கு அதன் கீழ்விளிம்பில் உள்ள ஒரு தொடுகையை மறைக்க வேண்டும். மறைக்க நகப்பூச்சே போதும். ஸ்ரெலாவிடம் சிவப்பில் ஒரு குப்பி இருந்தது; கலியாணம் கட்டின காலத்தது. "எனக்குப் பூசச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை" என்று சொல்லித் தந்தாள். நுனித் தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். கணினி முன்னதைவிடச் சூடாகியது. நின்றது.

நடு வேகங்களும் பார்த்தேன். முந்நூறுக்கு அடுத்த படியில் நிற்காமல் ஓடியது. ஆனால் சுவாமியின் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே மின்சாரம் போய்விட்டது. அதற்கும் அடுத்த படியில் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து தடுமாறியது. அந்தப் படி மற்றப் பாகங்களையும் அவற்றின் வேகத்திலிருந்து இழுத்துவிடும். ஒரு கோப்பு திறக்க மறுத்தது. அனிஸ்ராவின் கசெற்றில் ஓர் இடம் ஏற்கெனவே கசங்கியிருந்தது. கணினிக்குள் ஏற்றி வைத்திருந்த பிரதிதான் நல்லது. அதையும் இழந்தால் சடங்கை மறுபடி நடத்த மாப்பிள்ளை இல்லை. உடனே ஜம்பரைத் திருப்பி நானூற்றைம்பதிலேயே போட்டேன்; அங்கே படம்தான் நிற்கும், கோப்பு கெடாது.

ஒருநாள் ஏதோ சாட்டுச் சொல்லிச் சேவியரின் கடைக்குப் போனேன். அவன் தேத்தண்ணீருக்குச் சொல்ல உள்ளே போன நேரம் குனிந்து அவனுடைய பெட்டியைப் பார்த்தேன். தகடு மூடியிருந்தது. காற்று வரும் துவாரங்களில் தும்பாகத் தூசி. மேலே ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. என் கணினியைப் பீடம்போலத் துடைத்து வைத்திருந்தேன். அது நின்றது. அவனுடையது துவாயைச் சுமந்துகொண்டு நானூற்றைம்பதில் ஓடியது.

தேத்தண்ணீர் கோப்பையும் பீரிசுமாக வந்தது. குடித்தேன். சீனி அளவாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

காரிலிருந்து இறங்க முன்பே

ஒரு செய்திக்கு இரண்டு வாய் வேண்டும் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் சொல்வார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதாதே என்பது அதன் பொருள். கணினி விஷயத்தில் நான் அந்த விதியை மறந்திருந்தேன். சேவியர் சூடு என்றான். நான் சூட்டின் பின்னால் ஓடினேன்.

வியாழனுக்கு முதல் நாள் மின்சாரம் பிந்தி வந்தது. மத்தியானம் போய், பின்னேரமும் நன்றாகச் சரிந்த பிறகுதான் விளக்கு எரிந்தது. இனி முடியப்போவதில்லை என்று தெரிந்தும் பழக்கத்தில் கணினியைத் தொடக்கினேன்.

அனிஸ்ரா கோவில் வாசலில் காரிலிருந்து இறங்க ஒரு காலை வெளியே வைத்தாள். நின்றது.

தகட்டில் கை வைத்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. சூடாவதற்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. மற்ற நாட்களில் தாலி வரை போன கணினி இன்று காரோடு நின்றால், எவ்வளவு நேரம் ஓடியது என்பதில் விஷயம் இல்லை. வெளியே மணி என்ன என்பதில் இருக்கிறது. நான் சூடு என்று நினைத்ததெல்லாம் பொழுது.

மறுபடி தொடக்கிவிட்டு இம்முறை திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்படி இருப்பது எனக்குப் பழக்கம். ஷெல் எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்பதை அப்படிக் கேட்டுத்தான் எழுதுவோம்.

கடற்கரைப் பக்கம் ஆட்கள் மீன்பெட்டி இழுக்கும் சத்தம். பொழுது படமுன் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது நேவியின் கட்டளை. ஆகவே எல்லா மீனும் ஒரே நேரத்தில் வரும். வந்ததும் ஐஸ் ஃபக்டறியின் பெரிய மோட்டரைத் தொடக்குவார்கள். சற்று முன் அடங்கியிருந்த அந்த உறுமல் மறுபடி எழுந்தது. என் மேசைக்குக் கீழே மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி 'டக்' என்றது. கண்ணைத் திறந்தேன். படம் நின்றிருந்தது.

மோட்டர் இழுக்கும்போது எங்கள் வரிசை முழுவதிலும் மின்சாரம் தாழும். தாழ்ந்ததைச் சரிக்கட்ட அந்தப் பெட்டி உள்ளே ஒரு தொடுப்பிலிருந்து மற்றதற்குத் தாவும். கண் இமைக்கும் நேர இடைவெளி அது. முந்நூறில் ஓடும் கணினி அதைப் பொறுத்துக்கொள்ளும். தன் எல்லைக்கு மேல் ஓடும் கணினிக்குப் பொறுக்கும் தெம்பு இல்லை.

பிழை கிடைத்த மகிழ்ச்சி வாசலுக்கு வரும் வரைதான் இருந்தது. றோட்டில் நின்று பார்த்தேன். பக்கத்துத் தையல்கடை விளக்கு, பேக்கரி விளக்கு, என் விளக்கு எல்லாம் மஞ்சளாகச் சுருங்கியிருந்தன. சேவியரின் விளக்கு வெள்ளையாக எரிந்தது.

வயர் போன வழி

அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கள் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் ஒரு கம்பத்திலிருந்து வயர் வந்தது. சேவியரின் கடைக்கு மட்டும் பின்மூலையில் இருந்த வேறொரு கம்பத்திலிருந்து வந்தது. அந்தக் கம்பத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. இராணுவ முகாமின் முட்கம்பிச் சுருளும் மண்மூட்டைகளும் தெரிந்த இடத்தில் நான் திரும்பிவிட்டேன். அதற்கு அப்பால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பது புத்தியில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்ரெலாவிடம் சொன்னேன். அப்போது என் குரல் எப்படி இருந்திருக்கும் என்பது அவள் கேட்ட கேள்வியிலிருந்து தெரிந்தது.

"இது உங்கட பேப்பருக்குச் செய்தியோ?"

இல்லை என்றேன்.

"அப்ப வாயை மூடிக்கொண்டு இருங்கோ. சேவியருக்குக் காம்ப் லைன் எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். கேட்டவன் சேவியர் காம்ப் ஆள் எண்டு சொல்லுவான். பிறகு அவற்ற பெண்சாதி பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அவள் மிகைப்படுத்தவில்லை. அந்த வருடங்களில் ஒரு மனிதனைப் பற்றி ஒரு வரி ஊருக்குள் போய், சில நாளில் அவன் சைக்கிள் மட்டும் றோட்டோரத்தில் கிடந்ததை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். யார், ஏன் என்று எழுதியதில்லை. கேட்டவர்களும் இல்லை.

அன்று இரவு நான் படுத்திருந்தபோது அந்த வரி என் வாயில் இருந்தது. அதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அது அங்கே இருந்தது என்பது உண்மை.

விடிந்ததும் சேவியரின் கடைக்குப் போனேன். வியாழக்கிழமை.

"என்ன மச்சான், தாலி கட்டியாச்சோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"பொழுதுபடேக்க உன்ர லைற் மங்கேல்லை" என்றேன்.

சிரிப்பு நின்றது. எழுந்து போய் முன்கதவில் ஒரு பக்கத்தைச் சாத்தினான்.

"ஆருக்குச் சொன்னனீ?"

ஸ்ரெலாவுக்கு மட்டும் என்றேன். அவன் கதிரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அந்தக் கட்டடம் முன்பு ஓர் அரசாங்க அலுவலகம்; கந்தோர் என்போம். முகாமுக்கு லைன் இழுத்தபோது கந்தோருக்கும் அதிலிருந்து ஒரு வயர் கொடுத்திருக்கிறார்கள். கந்தோர் இடம்மாறிப் போனது. வயரைக் கழற்ற ஒருவரும் வரவில்லை. வாடகைக்கு எடுத்துச் சில மாதங்களுக்குப் பிறகுதான் அவனுக்கே தெரிந்ததாம். மற்றவர்களுக்கு மின்சாரம் வரும் நேரத்தில்தான் இவனுக்கும் வரும், போகும் நேரத்தில்தான் போகும். அதனால் வித்தியாசம் யாருடைய கண்ணிலும் படவில்லை. மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கவும் பயம். கேட்டால் ஏன் இவ்வளவு நாளும் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள்.

"நான் வந்து கேட்டனான்தானே" என்றேன். "ஒவ்வொரு முறையும் சூடு எண்டாய், ராம் எண்டாய்."

"அதுகளும் உண்மையான பிழையள்தான் மச்சான். கரண்ட் எண்டு சொன்னால் எந்தக் கரண்ட் எண்டு கேப்பாய். அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

"கிறீஸ் பூச வைச்சாய்."

"பேஸ்ற் எண்டுதான் நான் சொன்னனான்" என்றான். "கிறீஸ் நீயாப் பூசினது."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நாளைக்கு விடிய அனிஸ்ரா போகிறாள் என்றேன். என் கணினியை இங்கே கொண்டுவந்து இன்று ஒரு நாள் ஓடவிட வேண்டும் என்றேன். அவன் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ பெட்டி தூக்கிக்கொண்டு வாறதை முழுச் சனமும் பாக்கும். ஏன் எண்டு கேக்கும். என்ன சொல்லுவாய்?"

"ஏதாவது சொல்லுவன்."

"ஏதாவது எண்டு சொல்லாத" என்றான். "என்ன சொல்லுவாய்?"

என் கணினி சரியில்லை என்று சொல்லுவேன் என்றேன். அவன் தலையாட்டினான். "கொண்டுவா."

வெள்ளை விளக்கின் கீழே

பெட்டியைத் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்தேன். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பேக்கரிப் பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள், சிரிப்புக் கேட்டது.

மின்சாரம் அன்று நேரத்துக்கு வந்தது. அனிஸ்ரா காரிலிருந்து இறங்கினாள். கோவிலுக்குள் நடந்தாள். பொழுது சரிந்தது. கடற்கரையில் பெட்டிகள் இழுபட்டன. மோட்டர் உறுமத் தொடங்கியதும் நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு அசையவில்லை. மோதிரம் மாறியது. மாப்பிள்ளையின் கைகள் கழுத்துக்குப் பின்னால் போயின. முடிச்சு விழுந்தது. அனிஸ்ரா கண்ணைத் திறந்தாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. நானே படம் பிடித்ததுதான். ஆனாலும் அதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்ததுபோல இருந்தது.

சேவியர் தன் கதிரையில் நித்திரையாகியிருந்தான். அவனுக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்கு அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டியது ஆறுதல். வந்தது வேறு. என் கணினியில் எந்தக் குறையும் இல்லை. இடது பெட்டியும் வலது பெட்டியும் ஒன்றேதான். என் வீட்டில் நான் துடைத்துத் துடைத்து வைத்தும் செய்யாததை, அது இவன் கடையில், இவன் விளக்கின் கீழே, முனகல்கூட இல்லாமல் செய்துகொண்டிருந்தது. இந்த வயருக்காக இவன் எத்தனை நாள் பயந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த வயரின் மேல் ஆசைப்பட்டேன்.

மின்சாரம் போவதற்குக் கொஞ்சம் முன்பாகச் சீடி வெளியே வந்தது. கையில் சூடாக இருந்தது. ஒரு பிரதியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். எங்கும் வெட்டு இல்லை. சுவாமியின் வாயும் சத்தமும் ஒன்றாக இருந்தன.

மாதங்கள் கழித்து அனிஸ்ரா விமானமேறினாள். நேர்முகத்தில் அதிகாரி சீடியை முழுவதும் பார்க்கவில்லையாம்; தாலி கட்டும் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்தினாராம். அவளுடைய தாய் கோவில் முற்றத்தில் எனக்குச் சொன்னது. ஆனால் அது பிறகு நடந்தது.

அன்று அவளும் தாயும் முதலில் என் கடைக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஸ்ரெலா எதிரே கையைக் காட்டி அனுப்பியிருக்கிறாள். நான் சீடியுடன் சேவியரின் வாசலுக்கு வந்தபோது இரண்டு பேரும் படியில் நின்றார்கள். தையல்காரர் கடை பூட்டாமல் நின்றார். தோட்டவெளியிலிருந்து சீடி எடுக்க வந்த இரண்டு பேரும் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் அண்ணை இஞ்ச?" என்று அனிஸ்ரா கேட்டாள்.

உள்ளே சேவியர் விழித்திருந்தான். அவன் கதிரை கிறீச்சிட்டதைக் கேட்டேன்.

"என்ர பெட்டி சரிவரேல்லை தங்கச்சி" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எவ்வளவோ செய்து பாத்தன். சேவியற்ற பெட்டியிலதான் கடைசியா ஓடினது. அது நல்ல பெட்டி. அவருக்கு வேலையும் தெரியும்."

அவள் சீடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைப்பைக்குள் பத்திரமாக வைத்து, சிப்பை இழுத்து மூடினாள்.

"ஊரில அப்பவே எல்லாரும் சொன்னவை அண்ணை" என்றாள். "அம்மாதான் கேக்கேல்லை."

பிறகு என்னைத் தாண்டி உள்ளே போய்ச் சேவியருக்கு நன்றி சொன்னாள்.